வேன் சேல்ஸ் ஆப்: கோட்லினா, ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?

பில்மிஷின்:

ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேன் சேல்ஸ் ஆப் (வேனில் சரக்கு கொண்டுபோய்க் கடையிலேயே விற்று பில் போடுவது) செய்ய வேண்டும். எதில் எழுதுவது என்ற இடத்தில் நிற்கிறோம்: ஆண்ட்ராய்டின் சொந்த மொழியான கோட்லினா, ஆண்ட்ராய்டு ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரல் எழுதும் ஃப்ளட்டரா (டார்ட் மொழி), ரியாக்ட் நேட்டிவா (ஜாவாஸ்கிரிப்ட்)? நிலவரம் இது:

மொத்தம் 28 வேன், வேனுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன். எல்லாம் கம்பெனி வாங்கிக் கொடுத்தவை. 2 ஜிபி அல்லது 3 ஜிபி ராம், ஆண்ட்ராய்டு 9 முதல் 13 வரை. லைனில் பாதி மலைப்பக்கம், மணிக்கணக்கில் சிக்னல் இருக்காது. அதனால் பில் முழுக்க ஆஃப்லைனில் போட்டு, சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும். 58 மி.மீ. ப்ளூடூத் தெர்மல் பிரிண்டர்கள் ஏற்கெனவே வாங்கியாயிற்று. பில் தமிழில் வர வேண்டும் என்பது கடைக்காரர்களின் கறாரான கோரிக்கை. முதலாளி கையில் ஐபோன். சாயங்காலம் கலெக்‌ஷனும் ஸ்டாக்கும் அதில் பார்க்க வேண்டுமாம்.

நாங்கள் இரண்டு பேர். இருவருக்கும் ரியாக்ட் நன்றாக வரும். ஜாவா, கல்லூரிப் பாடத்தோடு சரி. ஆளுக்கொரு விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம். மேக் கிடையாது. நான்கு மாத அவகாசம்.

ரியாக்ட் தெரியும் என்பதால் ரியாக்ட் நேட்டிவ் பக்கம் மனது போகிறது. ஃப்ளட்டர்தான் சரி என்று ஒரு கட்சி, ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் கோட்லினே போதும் என்று இன்னொரு கட்சி. இந்த வேலைக்கு எது பொருந்தும், எதனால் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

எட்டுப்புள்ளி:

மொழியை அப்புறம் பேசலாம். வாங்கி வைத்திருக்கும் பிரிண்டர் எந்த வகை என்று முதலில் பாருங்கள். உங்கள் பட்டியலில் மற்ற எல்லாமே மூன்று கருவியிலும் நடக்கிற வேலைதான். பிரிண்டர் ஒன்றுதான் கருவிக்குக் கருவி பாடு மாறுகிற இடம்.

58 மி.மீ. பிரிண்டர்களில் நிறைய க்ளாசிக் ப்ளூடூத், அதாவது சீரியல் போர்ட் ப்ரொஃபைல், சுருக்கமாக எஸ்பிபி. சில பிஎல்இ, அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத். சிலதில் இரண்டும் உண்டு. ஜோடி சேர்க்கும்போது 0000 அல்லது 1234 என்று பின் கேட்டால் பெரும்பாலும் க்ளாசிக். ஃப்ளட்டரிலும் ரியாக்ட் நேட்டிவிலும் நன்றாகப் பராமரிக்கப்படும் ப்ளகின்கள் (பிறர் எழுதித் தரும் துணைப் பகுதிகள்) பிஎல்இ-க்கானவை. ஃப்ளட்டர் ப்ளூ ப்ளஸ், ரியாக்ட் நேட்டிவ் பிஎல்இ பிஎல்எக்ஸ் இரண்டுமே க்ளாசிக்கைத் தொடாது. க்ளாசிக்குக்கென்று கிடைப்பவற்றில் பல, ஆண்டுக்கணக்கில் யாரும் கை வைக்காதவை. ஆப்பைக் கட்டித் தரும் கருவியான ஆண்ட்ராய்டு க்ரேடில் ப்ளகின் 8-க்குப் போனதும், நேம்ஸ்பேஸ் இல்லை என்று சொல்லி பில்ட் நின்றுவிடும். ஃப்ளட்டர் 3.29-இல் ப்ளகின்களை ஆண்ட்ராய்டோடு இணைத்த பழைய வி1 எம்பெடிங்கையே தூக்கிவிட்டார்கள்; அதை நம்பி எழுதிய ப்ளகின் கம்பைலே ஆகாது.

ஆக, எதை எடுத்தாலும் பிரிண்டர் பகுதியை நீங்களே கோட்லினில் எழுத வேண்டி வரும். பயப்படுகிற அளவு வேலை இல்லை:

ஏற்கெனவே ஜோடி சேர்ந்த சாதனங்களின் பட்டியலிலிருந்து பிரிண்டரை எடுங்கள். ஆப்பிலிருந்து ஸ்கேன் செய்யாதீர்கள். செய்தால் ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் லொகேஷன் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஸ்கேன் செய்யாவிட்டாலும் ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதியை ஓடும்போதே வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன். பிறகு, 00001101 என்று தொடங்கும் சீரியல் போர்ட் யூயூஐடி-க்கு (சேவையின் அடையாள எண்) ஆர்எஃப்காம் சாக்கெட், அதாவது க்ளாசிக் ப்ளூடூத்தின் தரவு வழி, திறந்து பைட்டை எழுத வேண்டியதுதான். சில மலிவு பிரிண்டர்கள் வழக்கமான சாக்கெட்டில் இணையாமல் 'இன்செக்யூர்' வகையில் மட்டும் இணையும். முதலாவது தோற்றால் அடுத்ததை முயலும்படி எழுதிவிடுங்கள்.

இரண்டு இடத்தில் எல்லாருக்கும் அடி விழும். ஒன்று, கனெக்ட் அழைப்பு முடியும்வரை த்ரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மெயின் த்ரெட்டில் வைத்தால், பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் ஆப் உறைந்து 'ஆப் பதில் தரவில்லை' என்ற ஏஎன்ஆர் பெட்டி வரும். இன்னொன்று, கடைசி பைட்டை எழுதிய கையோடு சாக்கெட்டை மூடினால் பில்லின் அடிப்பகுதி அச்சாகாது. அடிப்பகுதியில் இருப்பது மொத்தத் தொகை! ஒரு விநாடி விட்டு மூடுங்கள்.

இனி தமிழ். பிரிண்டருக்கான ஈஎஸ்சி-பாஸ் கட்டளைகளில் பேசும் இந்த மாதிரி மலிவு பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழுக்கு கோட் பேஜ் (எழுத்து அட்டவணை) இருக்காது. யூனிகோடை எழுத்தாக அனுப்பினால் குப்பைதான் வரும். பில்லைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ.; மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக 384 புள்ளி. ஒரு புள்ளி வரிக்கு 48 பைட். கோட்லினில் 384 பிக்ஸல் அகல பிட்மேப்பில் ஸ்டாட்டிக் லேஅவுட் வைத்து வரைந்து, பிக்ஸலுக்கு ஒரு பிட் என்று கருப்பு வெள்ளையாக்கி, ராஸ்டர் (புள்ளிப்படம் அச்சிடும்) கட்டளையில் அனுப்புங்கள். 600 புள்ளி உயர பில், அதாவது 7.5 செ.மீ., என்றால் தலைப்பு பைட்கள் தசமத்தில் இப்படி வரும்: 29, 118, 48, 0, 48, 0, 88, 2. ஐந்தாவதாக வரும் 48 அகலத்தின் பைட் எண்ணிக்கை; கடைசி இரண்டும் உயரம், 88 + 2 × 256 = 600. அதன் பின்னால் 28,800 பைட் படம்.

இதை ஒரே மூச்சில் தள்ளினால், பஃபர் சின்னதாக உள்ள பிரிண்டர் பாதியில் கோடுகோடாகக் கக்கும். 48 வரி, 48 வரியாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தலைப்பு போட்டு, நடுவில் 20-30 மில்லிவிநாடி விடுங்கள். எழுத்து அளவை 26 பிக்ஸலுக்குக் கீழே இறக்காதீர்கள். ண, ன இரண்டும் சுழி அடைத்துக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். ரெகுலர் எழுத்துருவை விட மீடியம் தடிமன் தெர்மல் தாளில் நன்றாக நிற்கும்.

பிஎல்இ பிரிண்டராக இருந்தால் எம்டியு (ஒரு தடவை போகும் பாக்கெட்டின் அளவு) உயர்த்தக் கேட்பதை மறக்க வேண்டாம். தொடக்க எம்டியு 23; தடவைக்கு 20 பைட்தான் போகும். மேலே சொன்ன பில்லுக்கு 1,440 தடவை எழுத வேண்டும்.

என் ஓட்டு கோட்லினும், அதில் திரை எழுதும் ஜெட்பேக் கம்போஸும். 28 போனும் ஆண்ட்ராய்டு, கடினமான பகுதி எப்படியும் கோட்லின். பிறகு மேலே எதற்கு இன்னொரு அடுக்கு?

இறகுவலை:

பிரிண்டர் பற்றி எட்டுப்புள்ளி சொன்னதில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து நேராக கோட்லினுக்குத் தாவியதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அவர் விவரித்தது சுமார் 200 வரி கோட்லின். அதை ஃப்ளட்டரின் மெத்தட் சேனலுக்கு (டார்ட்டும் கோட்லினும் பேசிக்கொள்ளும் வழி) பின்னால் வைத்துவிட்டால் மிச்ச 40 திரையையும் டார்ட்டில் எழுதலாம். பில் விவரத்தை அப்படியே கோட்லினுக்கு அனுப்பி அங்கேயே படமாக வரையச் சொல்லுங்கள். டார்ட்டில் வரைந்தால் ஆர்ஜிபிஏ-வாக 384 × 600 × 4 = 9,21,600 பைட் கைக்கு வரும்; 2 ஜிபி போனில் அதை டார்ட்டில் சுற்றிக் கருப்பு வெள்ளையாக்குவது வீண் வேலை. சேனலில் வரும் அழைப்பு மெயின் த்ரெட்டில்தான் இறங்கும், அதனால் கோட்லின் பக்கம் பின்னணி த்ரெட்டுக்கு, அதாவது ஐஓ டிஸ்பேட்சருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஃப்ளட்டரால் உங்களுக்கு வரும் உண்மையான லாபம் வேகம் அல்ல, ஒரே மாதிரித் தோற்றம். திரையைத் தானே வரைந்துகொள்வதால் ஆண்ட்ராய்டு 9-லும் 13-லும் பட்டனும் கட்டமும் நகராது. 28 போனில் நான்கைந்து மாடல் கலந்திருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு டார்ட் பிடிபட இரண்டு வாரம் போதும். கம்போஸ் என்றால் கோட்லின், கொரூட்டீன், ஃப்ளோ, கம்போஸின் நிலை நிர்வாகம் என்று நான்கைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளட்டர் 3.27 முதல், ஆண்ட்ராய்டு 10-லும் அதற்கு மேலும் இம்பெல்லர்தான் இயல்பான வரைபொறி. பழைய ஜிபியு உள்ள போனில் திரை மினுக்கினாலோ எழுத்து சிதைந்தாலோ, ஆப்பின் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் இம்பெல்லரை அணைத்துப் பாருங்கள்; சரியாகிவிட்டால் குற்றவாளி அதுதான். டீபக் பில்டை வைத்து வேகத்தை எடைபோடாதீர்கள், அதில் டார்ட் ஜேஐடி-யில், அதாவது ஓடும்போதே கம்பைல் ஆகி, ஓடும். இருப்பதிலேயே மட்டமான 2 ஜிபி போனில் ப்ரொஃபைல் மோடில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். (கம்போஸும் டீபக் பில்டில் திக்கித் திணறும், அதைப் பார்த்துவிட்டு கம்போஸ் மந்தம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர்.)

8 ஜிபி லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓடாது. எமுலேட்டரை மறந்துவிட்டு யூஎஸ்பி-யில் நிஜ போன். எடிட்டருக்கு விஎஸ் கோட். க்ரேடில் ஹீப்பை 2 ஜிபி-யில் கட்டிப்போடுங்கள். கோட்லின் டீமன் தனியாக நினைவகம் தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கொக்கி:

ரியாக்ட் நல்லா தெரியும்னு ஒருத்தர் சொல்றார். ரெண்டு பேரும் அதைக் காதிலேயே வாங்கல. நான்கு மாசத்துல ரெண்டு பேர் முடிக்கணும்னா, தெரிஞ்ச மொழிக்கு ஒரு விலை இருக்கு.

ரியாக்ட் நேட்டிவ் எடுத்தா எக்ஸ்போவோட (அதுக்கு மேல வர்ற கருவித் தொகுப்பு) எடுங்க. எக்ஸ்போ மாட்யூல்ஸ் ஏபிஐ-ல கோட்லின் எழுதுறது சுலபம், அந்த 200 வரி அங்கேயும் உட்காரும். ஆனா எக்ஸ்போ கோ ஆப்புல உங்க சொந்த மாட்யூல் ஓடாது. முதல் நாள்லயே டெவலப்மென்ட் பில்ட் போட்டுக்கணும். இது தெரியாம 'மாட்யூல் கிடைக்கவில்லை'ன்னு கேட்டு வர்ற கேள்விதான் அதிகம்.

பெரிய லாபம், காற்றுவழி அப்டேட். ஸ்கீம் மாறுது, பத்து வாங்கினா ஒண்ணு இலவசம்னு புதுக் கணக்கு வருது. ஜாவாஸ்கிரிப்டை மட்டும் மாத்தி எக்ஸ்போவோட ஈஏஎஸ் அப்டேட்ல தள்ளினா மறுநாள் காலையில 28 போன்லயும் இருக்கும். பழைய பாடங்கள்ல கோட்புஷ்னு வரும், அதை நம்பாதீங்க. அதை நடத்தின மைக்ரோசாஃப்ட் ஆப் சென்டர் 2025 மார்ச் 31-ஓட மூடியாச்சு. ஒரு எச்சரிக்கை: ரன்டைம் வெர்ஷன் கொள்கையை ஃபிங்கர்பிரிண்ட்னு வைங்க, கோட்லின் பகுதி மாறினா அதுவும் தானா மாறும். கையால எண் போட்டுக்கிட்டு இருந்தா, கோட்லின் பகுதி மாறின பிறகு வந்த ஜாவாஸ்கிரிப்ட் பழைய ஏபிகே (நிறுவுற ஆப் கோப்பு) இருக்கிற போன்ல போய் இறங்கும். காலை ஆறு மணிக்கு வேன் கிளம்புற நேரத்துல ஆப் திறக்காது.

ரியாக்ட் நேட்டிவ் 0.76-லேருந்து புது ஆர்க்கிடெக்சர்தான் (உள் கட்டமைப்பு) இயல்பு, குறைஞ்சபட்சம் ஆண்ட்ராய்டு 7. உங்க போன்களுக்குப் பிரச்சினை இல்ல. லைப்ரரி எடுக்கிறதுக்கு முன்னாடி புது ஆர்க்கிடெக்சருக்கு ஒத்துக்குதான்னு பாருங்க.

விண்டோஸ்ல ப்ராஜெக்டை சி டிரைவோட வேர்லயே சின்னப் பேர்ல வைங்க. நோட் மாட்யூல்ஸ் ஆழமும் சிமேக் ஆழமும் சேர்ந்தா பாதை நீளம் 260 எழுத்தைத் தாண்டி, காரணமே புரியாத மாதிரி பில்ட் விழும். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள வைக்கவே கூடாது.

கஷ்டம் எங்கேன்னா, 2 ஜிபி போன்ல 2,000 ஐட்டம் உள்ள பட்டியல். தேடல் பெட்டியில தட்டத் தட்ட ஜாவாஸ்கிரிப்ட் த்ரெட்டே வடிகட்டவும் செஞ்சு பட்டியலும் வரைஞ்சா எழுத்து பின்தங்கும். தேடலை போன்லயே இருக்கிற தரவுத்தளமான எஸ்க்யூலைட்டுக்கே விடுங்க, 30 வரி மட்டும் எடுங்க, ஃப்ளாஷ்லிஸ்ட்ங்கிற வேகமான பட்டியல் லைப்ரரி போடுங்க.

பில்மிஷின்:

எல்லாருக்கும் நன்றி. பிரிண்டரைச் சோதித்தேன். இரண்டு மாடல் இருக்கிறது: ஒன்று க்ளாசிக் மட்டும், இன்னொன்றில் இரண்டும் உண்டு.

இன்னும் மூன்று சந்தேகம். முதலாளியின் ஐபோனை எப்படிச் சமாளிப்பது? பின்னணி சிங்க்கில், அதாவது ஆப் திறக்காமலேயே பில்லை சர்வருக்கு அனுப்புவதில், எந்தக் கருவி நம்பகமானது? சிக்னலே இல்லாத இடத்தில் பில் நம்பரை யார் கொடுப்பது?

உப்பளம்:

ஐபோனை இந்த முடிவிலிருந்து கழற்றி வையுங்கள். ஒருவர் சாயங்காலம் அறிக்கை பார்ப்பதற்காக ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருடத்துக்கு 99 டாலர், எக்ஸ்கோடுக்கு மேக் அல்லது வாடகை க்ளவுட் பில்ட் என்று போகத் தேவையில்லை. சர்வரில் ஒரு ரியாக்ட் வலைப்பக்கம். சஃபாரியில் திறந்து முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்வார். உங்களுக்கு ரியாக்ட் தெரிந்தது அங்கே முழுதாகப் பயன்படும். பின்னாளில் சேல்ஸ்மேன்களுக்கே ஐபோன் கொடுத்தாலும் உங்கள் க்ளாசிக் பிரிண்டர் அதோடு பேசாது. ஆப்பிளின் எம்எஃப்ஐ சான்று உள்ள பிரிண்டரோ பிஎல்இ பிரிண்டரோதான் வேண்டும். ஃப்ளட்டரில் எழுதியிருந்தாலும் இதே கதைதான்.

சிங்க்: ஆண்ட்ராய்டில் இதற்குரிய வழி வொர்க்மேனேஜர் என்ற பின்னணி வேலை லைப்ரரி. கோட்லினில் நேரடியாகக் கிடைக்கும், மற்ற இரண்டிலும் ப்ளகின் சுற்றிக் கொடுக்கும். முறைவைத்து ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம், அதற்குக் கீழே கேட்டாலும் கிடைக்காது. பில் சேமிக்கும்போதே 'நெட்வொர்க் இருந்தால் ஓடு' என்ற நிபந்தனையோடு ஒருமுறை வேலை ஒன்றைப் போட்டுவையுங்கள். சிக்னல் வந்ததும் கிளம்பும். 15 நிமிட வேலை அதற்குக் காப்பு. ஃப்ளட்டரில் இதைச் செய்தால் பின்னணி ஃபங்ஷன் க்ளாஸுக்கு வெளியே மேல்மட்டத்தில் இருக்க வேண்டும், என்ட்ரி பாயின்ட் ப்ராக்மா குறிப்பும் வேண்டும். குறிப்பு விட்டுப்போனால் டீபக் பில்டில் அழகாக ஓடும். ரிலீஸ் பில்டில், யாரும் அழைக்காத ஃபங்ஷன் என்று கம்பைலர் வெட்டி எறிந்திருக்கும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் சில போன் கம்பெனிகளின் பேட்டரி மேலாண்மை பின்னணி வேலையைக் கொல்லும். போன்கள் உங்கள் கையில் இருக்கும்போதே ஆப்பின் பேட்டரி அமைப்பை 'கட்டுப்பாடு இல்லை' என்றும் ஆட்டோஸ்டார்ட்டை அனுமதி என்றும் வைத்துவிட்டு ஒப்படையுங்கள். 'ஃபோர்ஸ் ஸ்டாப்' அழுத்தினால் ஆப்பைத் திரும்பத் திறக்கும்வரை வொர்க்மேனேஜரும் செத்ததுதான். அதனால் முகப்பிலேயே 'அனுப்பாத பில்: 7' என்று பெரிதாகக் காட்டுங்கள், பக்கத்தில் 'இப்போது அனுப்பு' பட்டன். சேல்ஸ்மேன் செட்டில்மென்ட்டுக்கு வரும்போது அந்த எண் சுழியமாக இருக்கிறதா என்று கேஷியர் பார்க்கட்டும்.

பில் நம்பரை சர்வர் கொடுக்க முடியாது, போன்தான் கொடுக்க வேண்டும். ஜிஎஸ்டி விதி 46-படி நம்பர் 16 எழுத்துக்குள், தொடர்ச்சியாக, அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. வேனுக்கு ஒரு வரிசை: 03/2526/00412. மொத்தம் 13 எழுத்து. கடைசி எண்ணை வைத்திருக்கும் கணக்கியை பில்லோடு ஒரே டிரான்சாக்‌ஷனில் ஏற்றுங்கள். இதைத் தவிர ஒவ்வொரு பில்லுக்கும் போனிலேயே உருவான ஒரு யூயூஐடி, அதாவது வேறெதற்கும் வராத அடையாள எண். சர்வர் அதை யுனீக் சாவியாக வைத்து, ஏற்கெனவே வந்தது மறுபடி வந்தால் சத்தமில்லாமல் 'பெற்றேன்' என்று சொல்லட்டும். மலைச்சரிவில் பில் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் திரும்புவதற்குள் சிக்னல் அறுந்துபோவது தினசரி நடக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆண்ட்ராய்டின் ஆட்டோ பேக்கப் இயல்பாகவே இயங்கும். 25 எம்பி வரை ஆப்பின் தரவை கூகுள் கணக்கில் வைத்துக்கொள்ளும். போன் உடைந்து புதியதில் அதே கணக்கைப் போட்டால் பழைய தரவுத்தளம் அப்படியே திரும்பி வரும், கூடவே பழைய கணக்கியும். நேற்று 00412 வரை போட்டாயிற்று, பேக்கப்பில் இருப்பது 00390. அடுத்த பில் 00391 என்று விழுந்து இரட்டை நம்பர் ஆகும். மேனிஃபெஸ்ட்டில் பேக்கப்பை அணைத்துவிட்டு, புதிய போனில் உள்நுழையும்போது சர்வரில் உள்ள கடைசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உடைந்த போனில் அனுப்பாமல் நின்றுபோன பில் இருந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், பழைய வரிசையைத் தொடராமல் அந்த வேனுக்குப் புது வரிசை தொடங்குங்கள்.

அதேபோல, ரூமில் (எஸ்க்யூலைட்டுக்கு மேல் வரும் ஆண்ட்ராய்டு லைப்ரரி) ஸ்கீமா, அதாவது அட்டவணை அமைப்பு, மாறும்போது சோம்பலுக்கு, பழைய தரவை அழித்துவிட்டுத் தொடங்கும் 'டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்' என்று போடுகிற பழக்கம் இருக்கிறது. டெவலப்மென்ட்டில் வசதிதான். அது ரிலீஸில் போனால், அப்டேட் இறங்கிய காலையில் அனுப்பாத பில்கள் அத்தனையும் காலி. தொகைகளை டபுளில் (தசம எண் வகை) வைக்காதீர்கள், பைசாவில் முழு எண்ணாக வையுங்கள்.

2 ஜிபி போனில் பில் போடும் நடுவில் அழைப்பு வந்தால் ஆண்ட்ராய்டு ஆப்பின் ப்ராசஸையே கொன்றுவிடலாம். திரும்பி வந்தால் வெற்றுத் திரை. கம்போஸில் இதற்கு ரிமெம்பர் சேவபிள், சேவ்டு ஸ்டேட் ஹேண்டில் உண்டு. ஆனால் அவை சின்னச் சின்ன நிலைக்குத்தான். 40 வரி பில்லுக்கு மூன்று கருவியிலும் ஒரே வழி: ஒவ்வொரு ஐட்டம் சேர்க்கும்போதும் வரைவு பில்லாக எஸ்க்யூலைட்டில் எழுதுங்கள். டெவலப்பர் ஆப்ஷனில் பின்னணி ப்ராசஸ் வரம்பைச் சுழியமாக்கிவிட்டு, பில் நடுவில் கேமராவைத் திறந்து திரும்பி வந்து பாருங்கள்.

இப்போது தேர்வு. மேலே எழுதியதில் வொர்க்மேனேஜர், ரூம், ப்ளூடூத், மேனிஃபெஸ்ட் எல்லாமே ஆண்ட்ராய்டின் சொந்தச் சரக்கு. திரைகளைப் பார்த்தால் எளிமையானவை: பட்டியல், படிவம், தொகை. இந்த விகிதத்தில் நான் கோட்லினைத்தான் எடுப்பேன். இதே ஆப்பைப் பத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்கும் எண்ணமோ, கடைக்காரர்களே ஆர்டர் போடும் ஆப் ஒன்று ஐபோனுக்கும் சேர்த்து வரும் திட்டமோ இருந்தால் இறகுவலை சொல்வது சரி, ஃப்ளட்டர். ரியாக்ட் நேட்டிவுக்கு எதிராக எனக்கு ஒரே வாதம்: நான்கு மாதம் முடிந்த பின் பராமரிப்பு. வெர்ஷன்கள் வேகமாக ஓடும், ஆதரவு கடைசி மூன்று வெர்ஷனுக்குத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் பராமரிப்புக்கு மாதாமாதம் பணம் தருகிற ஆளா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கொக்கி:

பராமரிப்பு வாதம் நியாயம்தான். ஆனா பணம் தராத ஆளுக்கு கோட்லின்ல எழுதினாலும் கூகுள் டார்கெட் ஏபிஐ-யை (ஆப் எந்த ஆண்ட்ராய்டுக்காகச் செஞ்சதுங்கிற எண்) வருஷாவருஷம் ஏத்தச் சொல்லும். அந்த வேலை அங்கேயும் இருக்கு.

ழகரம்:

கருவிச் சண்டையில் யாரும் கவனிக்காதது, தமிழ் எழுத்து வரிசை. எஸ்க்யூலைட் இயல்பாக யூனிகோட் எண்படி அடுக்கும். யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. அதனால் ஐட்டம் பட்டியல் 'பன்னீர், பப்படம், பருப்பு' என்று வரும். நம் வரிசைப்படி 'பப்படம், பருப்பு, பன்னீர்' என்று வர வேண்டும். 

ஆண்ட்ராய்டின் சொந்த எஸ்க்யூலைட்டில் 'லோக்கலைஸ்டு' என்ற கொலேஷன் (அடுக்கும் விதி) உண்டு, ரூமிலும் ஃப்ளட்டரின் எஸ்க்யூஃப்ளைட்டிலும் அது வேலை செய்யும். ஆப்போடு தனி எஸ்க்யூலைட்டைக் கட்டிக் கொண்டுவரும் எக்ஸ்போ எஸ்க்யூலைட் போன்றவற்றில் கிடையாது. கருவியைச் சாராத வழி: சர்வரில் ஐசியு என்ற யூனிகோட் லைப்ரரி கொண்டு ஐட்டம்களைத் தமிழ் வரிசையில் அடுக்கி, வரிசை எண்ணைத் தனிப் பத்தியாக அனுப்பிவிடுங்கள். போன் அந்த எண்ணை வைத்து அடுக்கட்டும்.

தேடலில் இன்னொன்று. 'கொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி-க்கு, அதாவது குறியை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றுங்கள். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் கூடவே வருகிறது. டார்ட்டுக்குத் தனிப் பேக்கேஜ் வேண்டும். பில்லில் ஐட்டம் பெயரை 'முதல் 20 எழுத்து' என்று வெட்டாதீர்கள். 'கொய்யா' நிரலுக்கு 6, கண்ணுக்கு 3. நடுவில் வெட்டினால் துணைக்குறி தனியாகத் தொங்கி, புள்ளிவட்டத்தோடு அச்சாகும். பிக்ஸல் அகலத்தை அளந்து வெட்டுங்கள்.

பில்மிஷின்:

கோட்லின் என்று எடுக்கிறோம். முதல் வாரம் திரை எதுவும் இல்லை: க்ளாசிக் பிரிண்டரில் 40 வரி தமிழ் பில், பிறகு ஏர்ப்ளேன் மோடில் 50 பில் போட்டு, மோடை எடுத்ததும் ஒன்றும் இரட்டிக்காமல் சர்வரில் ஏறுகிறதா என்ற சோதனை. இரண்டும் 2 ஜிபி போனில். அறிக்கை வலைப்பக்கத்தை இன்னொருவர் ரியாக்டில் இணையாகச் செய்வார்.

கடைசியாக ஒன்று: 28 போனுக்கு ப்ளே ஸ்டோர் வேண்டுமா, ஏபிகே-வை நேராகக் கொடுத்தால் போதாதா?

எட்டுப்புள்ளி:

ப்ளே ஸ்டோரில் இன்டர்னல் டெஸ்டிங் வழி போதும், 100 பேர் வரை சேர்க்கலாம். கணக்குக்கு ஒருமுறை 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கில் பொதுவெளியீடு செய்ய 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ச்சியாக க்ளோஸ்டு டெஸ்ட் நடத்திக் காட்ட வேண்டும். நிறுவனக் கணக்குக்கு அது இல்லை, ஆனால் டன்ஸ் எண் (நிறுவனத்துக்கான அடையாள எண்) கேட்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பெயரிலேயே நிறுவனக் கணக்காகத் திறந்துவிடுங்கள். எண் கிடைக்க நாளாகும், அதனால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

டார்கெட் ஏபிஐ 2025 ஆகஸ்ட் 31 முதல் குறைந்தது 35, அதாவது ஆண்ட்ராய்டு 15. அதை டார்கெட் செய்தால் ஆண்ட்ராய்டு 15 போனில் திரை விளிம்புவரை விரியும். 'பில் சேமி' பட்டன் நேவிகேஷன் பட்டைக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். இன்று உங்களிடம் அந்த போன் இல்லை, அடுத்து வாங்கும் போன் அதுதான். இன்செட் இடைவெளியை (சிஸ்டம் பட்டைகளுக்கு விடும் இடம்) இப்போதே கொடுத்துவிடுங்கள். 2025 நவம்பர் முதல் நேட்டிவ் லைப்ரரிகள் 16 கேபி பக்க அளவுக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சுத்த கோட்லினில் உங்களுக்குப் பாதிப்பில்லை. பிரிண்டர் கம்பெனி தரும் எஸ்டிகே-வை (நிரல் தொகுப்பு) மட்டும் சேர்க்காதீர்கள், அதற்குள் பழைய எஸ்ஓ கோப்புகள் (நேட்டிவ் லைப்ரரிகள்) இருந்தால் அங்கே மாட்டும்.

ஏபிகே-வை நேராகக் கொடுத்தால் கையொப்பச் சாவி முழுக்க உங்கள் பொறுப்பு. அது தொலைந்தால் அடுத்த அப்டேட் பழையதன்மேல் ஏறாது; ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யச் சொல்ல வேண்டும், அனுப்பாத பில்லும் கூடவே போகும். ப்ளே வழியில் ஆப் சாவி கூகுளிடம் இருக்கும். உங்களிடம் இருப்பது அப்லோட் சாவி, தொலைந்தால் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கோப்பையும் பாஸ்வேர்டையும் இரண்டு லேப்டாப்புக்கும் வெளியே ஓரிடத்தில் வையுங்கள், கிட்டில் ஏற்ற வேண்டாம்.